நைன் இஞ்ச் நெய்ல்ஸ்: புதிதாகக் கேட்க வருகிறவர்களின் கேள்விகள்

ராக் இசை ஓரளவு பழக்கம், ஆனால் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் பக்கம் போனதில்லை என்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. சிலவற்றுக்குப் பதில் நீளும், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

இது பேண்டா, ஒரே ஆளா?

பெயருக்கு பேண்ட், இண்டஸ்ட்ரியல் ராக் என்ற வகையைச் சேர்ந்த அமெரிக்க பேண்ட். 1988-இல் ஆரம்பித்ததிலிருந்து 2016 வரை இதன் நிரந்தர உறுப்பினர் ஒரே ஒருவர்தான்: ட்ரென்ட் ரெஸ்னர். பாட்டு எழுதுவது, பாடுவது, கீபோர்டு, கிட்டார், கம்ப்யூட்டர், கடைசி மிக்ஸிங் வரை எல்லாவற்றிலும் அவர் கை இருக்கும். தேவைப்பட்டால் ஒரு டிரம்மரையோ கிட்டாரிஸ்டையோ ஸ்டுடியோவுக்கு அழைப்பார். கச்சேரிக்கு மட்டும் தனியாக ஆள் சேர்த்து ஒரு குழுவைக் கட்டுவார், சுற்றுப்பயணம் முடிந்ததும் அது கலைந்துவிடும். 2016-இல்தான் இங்கிலாந்துக்காரரான அட்டிகஸ் ராஸ் இரண்டாவது உறுப்பினராக அதிகாரபூர்வமாகச் சேர்ந்தார்.

அதனால் இந்த பேண்டின் கதையை 'யார் சேர்ந்தார், யார் விலகினார்' என்று சொல்லிக்கொண்டு போவதில் பயனில்லை. ரெஸ்னர் எந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்தார் என்று பார்த்தால் போதும் என்பது என் கட்சி. அறை மாறும்போதெல்லாம் இசையும் மாறியிருக்கிறது.

இண்டஸ்ட்ரியல் ராக் என்றால் என்ன? இரும்புப் பட்டறைச் சத்தமா?

ஆரம்பத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். 1976-இல் லண்டனில் த்ராபிங் கிரிஸ்ல் என்ற குழு, இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கியது. டேப் துண்டுகள், சின்தசைசர் இரைச்சல், கேட்பவரைக் கூச வைக்கும் விஷயங்கள் என்று போயிற்று அவர்கள் வழி. 1980-இல் மேற்கு பெர்லினில் ஐன்ஸ்டுயர்ட்சண்டே நொய்பௌட்டன் என்ற குழு துளை போடும் மெஷினையும் தகரத்தையும் இரும்புக் கம்பியையும் நிஜமாகவே மேடையில் ஏற்றியது. பிறகு கனடாவில் ஸ்கின்னி பப்பி, சிகாகோவில் மினிஸ்ட்ரி என்று இது அட்லாண்டிக்கைத் தாண்டியது. மினிஸ்ட்ரி கனமான கிட்டாரைச் சேர்த்ததும் 'ராக்' என்ற பின்னொட்டும் ஒட்டிக்கொண்டது.

இவர்கள் யாரும் வானொலியில் ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. ரெஸ்னருக்கு அந்த ஆசை இருந்தது. மெஷின் இரைச்சலுக்கு அடியில் பல்லவி, சரணம், முணுமுணுக்க ஒரு மெட்டு என்று முழுப் பாட்டை வைத்தார். அந்தக் கோபத்தில்தான் பழைய இண்டஸ்ட்ரியல் ரசிகர்கள் சிலர் இன்றைக்கும் அவரைத் தங்கள் ஆளாக ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் 'பாப்' புத்தி இல்லாவிட்டால் நாம் இங்கே இவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

முதல் ஆல்பம் எப்படி வந்தது?

ரெஸ்னர் 1965-இல் பிறந்தவர். பென்சில்வேனியாவில் மெர்சர் என்ற சின்ன ஊரில், அம்மா வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். சின்ன வயதிலேயே முறையாகப் பியானோ கற்றார். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்து, ஓராண்டிலேயே விட்டுவிட்டு ஓஹையோவிலுள்ள கிளீவ்லாந்துக்குப் போனார். அங்கே ரைட் ட்ராக் என்ற ஸ்டுடியோவில் எடுபிடி வேலை. தரை துடைப்பது, ஒயர் மாட்டுவது, பதிவுக்கு உதவுவது எல்லாம் அவர் பொறுப்பு. வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில் ஸ்டுடியோவைச் சும்மா பயன்படுத்திக்கொள்ள முதலாளி அனுமதித்தார். கூட வாசிக்கத் தோதான ஆட்கள் கிடைக்கவில்லை. எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்துப் பதிவு செய்யும் பிரின்ஸை முன்மாதிரியாக வைத்து, தானே உட்கார்ந்தார். ஒரு மேக்கின்டாஷ் பிளஸ், ஈமேக்ஸ் என்ற சாம்ப்ளர் (ஒலித் துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவி), இரண்டு மூன்று சின்தசைசர்கள், கிட்டார். அவ்வளவுதான் தளவாடம்.

அந்த டெமோக்களிலிருந்து உருவானதுதான் 1989 அக்டோபரில் வந்த 'ப்ரெட்டி ஹேட் மெஷின்'. தயாரிப்பில் ஃப்ளட், ஏட்ரியன் ஷெர்வுட், ஜான் ஃப்ரையர், கீத் லெப்ளாங்க் என்று பெரிய கைகள் இருந்தாலும் பாட்டுகள் ஸ்டுடியோவைத் துடைத்துக்கொண்டிருந்த பையன் எழுதியவை. அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 75-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை, வருடக்கணக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. சிறிய கம்பெனி வெளியிட்டு பத்து லட்சம் பிரதி தாண்டிய முதல் சில ஆல்பங்களில் இதுவும் ஒன்று. வேலையில்லாத நேரத்தில் வெறும் ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்திருப்பவனின் அலுப்பும் ஆத்திரமும் இதில் அப்படியே கேட்கும். ஒலி இன்றைக்குக் கொஞ்சம் மெலிந்ததாகத் தோன்றலாம், 80-களின் சின்தசைசர் வாடை அடிக்கும். 'ஹெட் லைக் எ ஹோல்' மட்டும் இன்னும் பழசாகவில்லை.

பெயருக்கு என்ன அர்த்தம்? ஏசுவைச் சிலுவையில் அறைந்த ஆணிகளா?

அப்படி ஒரு கதை உலவுகிறது. ரெஸ்னர் சொன்ன காரணம் சப்பென்று இருக்கும்: சுருக்கி எழுத வசதியாக இருந்தது. NIN என்ற மூன்று எழுத்துகளில் கடைசியைத் திருப்பிப் போட்ட அந்த லோகோதான் பெயரைவிடப் பிரபலம்.

எஃப்.பி.ஐ. இவரைக் கொலை வழக்கில் விசாரித்தது உண்மையா?

இவர் கொன்றதாக இல்லை, இவர் கொலையுண்டதாக!

1989-இல் 'டவுன் இன் இட்' பாட்டுக்கு சிகாகோவில் வீடியோ எடுத்தார்கள். கடைசிக் காட்சியில் ரெஸ்னர் தரையில் பிணம்போல் கிடக்க வேண்டும், கேமரா அப்படியே மேலே மேலே போக வேண்டும். கிரேன் வைக்கக் காசில்லையோ என்னவோ, வானிலை பலூன் ஒன்றில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். கயிறு அறுந்து பலூன் கேமராவோடு போயே போய்விட்டது. மிச்சிகனில் ஒரு விவசாயியின் வயலில் விழுந்தது. அவர் அதைப் போலீஸில் ஒப்படைக்க, ஃபிலிமைக் கழுவிப் பார்த்தவர்களுக்கு முகத்தில் மாவு பூசிய ஒரு பிணமும் அதைச் சுற்றி நிற்கும் ஆட்களும் தெரிந்தார்கள். நிஜக் கொலையைப் படம் பிடித்திருக்கிறார்கள் என்று எஃப்.பி.ஐ. வரை விஷயம் போனது. 'பிணம்' உயிரோடு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருப்பது தெரிந்த பிறகுதான் கோப்பை மூடினார்கள். எந்த விளம்பரக் கம்பெனியாலும் இப்படி ஒரு விளம்பரம் கொடுத்திருக்க முடியாது.

ரெக்கார்டு கம்பெனியோடு என்ன சண்டை?

முதல் ஆல்பத்தை வெளியிட்டது டீவீடீ ரெக்கார்ட்ஸ். பழைய டிவி தொடர்களின் டைட்டில் பாட்டுகளைத் தொகுத்து விற்றுக் காசு பார்த்த கம்பெனி அது. ஆல்பம் ஓட ஆரம்பித்ததும் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று கம்பெனித் தலைவர் மூக்கை நுழைத்தார். ரெஸ்னருக்குப் பொறுக்கவில்லை. ஒப்பந்தமோ விடவில்லை. வேறு வேறு பெயர்களில் ஸ்டுடியோக்களை வாடகைக்கு எடுத்து, கம்பெனிக்குத் தெரியாமல் பதிவு செய்யத் தொடங்கினார். கடைசியில் இன்டர்ஸ்கோப் என்ற ரெக்கார்டு கம்பெனியின் ஜிம்மி அயோவின் நடுவில் புகுந்து ஒப்பந்தத்தை மாற்றி வாங்கிக்கொண்டார். ரெஸ்னருக்கென்று நத்திங் ரெக்கார்ட்ஸ் என்ற தனிப் பெயரும் கிடைத்தது. மர்லின் மேன்சன் என்ற ராக் பாடகரை வளர்த்துவிட்டது இந்த நத்திங்தான்.

அப்படித் திருட்டுத்தனமாகப் பதிவானதுதான் 1992-இன் 'ப்ரோக்கன்'. மொத்தமே அரைமணி நேரம். முதல் ஆல்பத்தின் நடன வாசனை போய் கிட்டார் சுவர்போல் எழுந்து நிற்கிறது. இதன் சிடியில் ஒரு குறும்பு: ஆறு பாட்டு முடிந்ததும் ஏழாவதிலிருந்து 97-ஆவது வரை ஒவ்வொன்றும் ஒரு விநாடி மௌனம். 98, 99-இல் இரண்டு பாட்டு ஒளிந்திருக்கும். சிடி பிளேயரில் எண் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறவர்களுக்கு இந்த அனுபவம் வாய்க்காது.

இதிலுள்ள 'விஷ்' பாட்டுக்குக் கிராமி கிடைத்தது, அதுவும் மெட்டல் பிரிவில். இந்த ஆல்பத்தையொட்டி எடுத்த குறும்படம் இன்னொரு கதை. இயக்கியவர் பீட்டர் கிறிஸ்டோஃபர்சன், மேலே சொன்ன த்ராபிங் கிரிஸ்லின் உறுப்பினர்களில் ஒருவர். கொடூரம் கையை மீறிப் போனதால் முறையாக வெளியிடாமல் விட்டார்கள். விஎச்எஸ் பிரதிக்குப் பிரதி எடுத்துக் கைமாறியது. அதைத் தேடிப் பார்க்கச் சொல்லமாட்டேன்.

கொலை நடந்த வீட்டில் குடியிருந்து ஆல்பம் பதிவு செய்தாராமே?

செய்தார். லாஸ் ஏஞ்சலஸில் 10050, சியலோ டிரைவ். 1969-இல் சார்ல்ஸ் மேன்சன் என்ற கும்பல் தலைவனின் ஆட்கள் நடிகை ஷாரன் டேட்டையும் உடனிருந்தவர்களையும் கொன்ற வீடு. 1992-இல் அதை வாடகைக்கு எடுத்து, உள்ளே ஸ்டுடியோ அமைத்து, 'லீ பிக்' என்று பெயரும் வைத்தார். கொலையாளிகள் கதவில் ரத்தத்தால் எழுதிவிட்டுப் போன 'பிக்' (பன்றி) என்ற சொல்லைக் கிண்டல் செய்யும் பெயர் அது. 'ப்ரோக்கன்' வேலையில் ஒரு பகுதியும் 1994-இல் வந்த 'த டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பமும் அங்கே நடந்தவை.

பரபரப்புக்காகச் செய்ததா என்றால், அமெரிக்க நாட்டார் கதைபோல இருந்த ஓர் இடத்தின் மேல் ஆர்வம், அவ்வளவுதான் என்று சொல்லிவந்தார். பிறகு ஒருநாள் ஷாரன் டேட்டின் தங்கையைச் சந்திக்க நேர்ந்தது. என் அக்காவின் சாவை வைத்துப் பிழைக்கிறீர்களா என்று அவர் நேரடியாகவே கேட்டுவிட்டார். அதுவரை அந்தப் பக்கத்திலிருந்து தான் யோசித்ததே இல்லை, அன்று வீட்டுக்குப் போய் அழுதேன் என்று 1997-இல் ஒரு பேட்டியில் ரெஸ்னர் சொல்லியிருக்கிறார். ஆனால் வீட்டைக் காலி செய்யும்போது முன்வாசல் கதவைக் கழற்றிக்கொண்டு போனவரும் அவரேதான். நியூ ஆர்லியன்ஸில் வைத்த அடுத்த ஸ்டுடியோவுக்கு அதுதான் வாசல் கதவு. அந்தக் கட்டடமும் முன்பு பிணங்களை அடக்கத்துக்குத் தயார் செய்யும் இடமாக இருந்தது. இருட்டின் மேல் இவருக்கு இருந்த மோகத்தில் பாதி உண்மை, பாதி வேஷம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆல்பத்தில் வேஷம் இல்லை. ஒரு மனிதன் மதம், காமம், போதை, வன்முறை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, ஒவ்வொன்றும் கைவிட, படிப்படியாகக் கீழே இறங்குவதுதான் 14 பாட்டுகளின் கோர்வை. வெளியான வாரமே அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம். இந்த அளவுக்கு இருண்ட ஓர் ஆல்பம் அங்கே மட்டும் 40 லட்சத்துக்கு மேல் போனது, அந்தக் காலத்தின் விசித்திரம்.

எனக்கு வெறும் இரைச்சலாகத்தானே கேட்கிறது?

முதல் தடவை அப்படித்தான் இருக்கும். மூன்று இடங்களைக் காட்டுகிறேன், மூன்றும் 'டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்திலேயே இருக்கின்றன.

'மார்ச் ஆஃப் த பிக்ஸ்' பாட்டுக்குத் தாளம் போட்டுப் பாருங்கள். நாலு நாலாக எண்ணினால் உதைக்கும். ஏழு, ஏழு, ஏழு, அப்புறம் எட்டு. மொத்தம் 29. மிஸ்ர சாபு பழகிய கைக்கு இரண்டாவது சுற்றிலேயே பிடிபட்டுவிடும். அந்த ஏழில் எப்போதும் ஒரு அடி குறைகிற மாதிரி தோன்றுவதால்தான் பாட்டு முன்னால் தள்ளிக்கொண்டே ஓடுகிறது. ஓடி ஓடி, திடீரென்று எல்லாம் நின்று தனிப் பியானோ, ஏதோ குழந்தைப் பாட்டுபோல இனிமையாக. சிரிப்பு வரும், அடுத்த நொடி மறுபடியும் அடி விழும்.

'க்ளோசர்' ஆரம்பத்தில் வரும் அந்த 'தும்' சத்தம், 1977-இல் இகி பாப் பாடிய 'நைட் கிளப்பிங்' பாட்டிலிருந்து எடுத்து உருமாற்றியது. அந்த ஒற்றை அடியின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகச் சின்தசைசர்களை அடுக்குகிறார். முடிவில் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ண முடியாது. பல்லவி வானொலியில் போட முடியாத அளவுக்குப் பச்சை, ஆனால் அடித்தளம் சுத்தமான ஃபங்க். மார்க் ரோமனெக் இயக்கிய இதன் வீடியோ நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

மூன்றாவது, 'ஹர்ட்'. அதன் கிட்டாரில் ஒரு சுரம் கடைசிவரை பொருந்தாமல் உறுத்தும். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரம் அது. ராகத்தில் வைத்துப் பாடினால் அழகு காட்டும் சுரம்தான், இங்கே பக்கத்தில் பஞ்சமம் ஆறுதலுக்கு வருவதில்லை. பாட்டு சமாதானமாகப் போகும்போதும் அந்த ஒரு சுரம் ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

1994 உட்ஸ்டாக் இசை விழாவில் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு வந்தது திட்டமிட்டதா?

இல்லை. மழை பெய்து மைதானமே சகதி. மேடைக்குப் போகிற வழியில் ரெஸ்னர் கூட இருந்தவரைத் தள்ளிவிட, அவர் பதிலுக்கு இழுக்க, எல்லோரும் உருண்டுவிட்டார்கள். அந்தக் கோலத்திலேயே ஏறினார்கள். சேறு வாத்தியங்களிலெல்லாம் இறங்கியது. கட்டணம் கட்டி டிவியில் பார்த்தவர்களின் மனதில் அந்த விழாவே அந்தச் சேற்றுருவமாகத்தான் பதிந்தது. அன்று பாடிய 'ஹாப்பினெஸ் இன் ஸ்லேவரி' பதிவுக்கு இரண்டாவது கிராமி.

'ஹர்ட்' ஜானி கேஷ் பாட்டு இல்லையா?

எழுதியது ரெஸ்னர், 1994-இல். அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் பாடியது 2002-இல், 70 வயதில், உடல் தளர்ந்திருந்த நேரத்தில். தயாரிப்பாளர் ரிக் ரூபின்தான் இந்தப் பாட்டை அவரிடம் கொண்டுபோனவர். தன் மத நம்பிக்கைக்கு ஏற்றபடி ஒரு சொல்லை மட்டும் கேஷ் மாற்றினார், அசலில் கெட்ட வார்த்தையாக இருந்த கிரீடம் முள்கிரீடம் ஆயிற்று. அந்த உறுத்தும் சுரமும் கேஷ் பாடியதில் இல்லை. அங்கே கிட்டார் நேராக, சாதுவாகப் போகிறது. உறுத்தலைக் குரலே பார்த்துக்கொள்கிறது.

முதலில் கேட்டபோது ரெஸ்னருக்கு ஒட்டவில்லை. தன் அந்தரங்கமான ஒன்றை வேறு யாரோ எடுத்துக்கொண்டதுபோல இருந்ததாகச் சொன்னார். வீடியோவைப் பார்த்ததும் மனம் மாறியது. அதை இயக்கியவரும் 'க்ளோசர்' எடுத்த அதே மார்க் ரோமனெக். மூடிக் கிடந்த கேஷ் அருங்காட்சியகத்தில், தூசி படிந்த பொருள்களுக்கு நடுவே எடுத்தார். வீடியோ வந்த சில மாதங்களில் மனைவி ஜூன் கார்ட்டர் இறந்தார், 2003 செப்டம்பரில் கேஷும் போய்விட்டார். இனி இது என் பாட்டில்லை என்ற பொருளில் ரெஸ்னர் பேசினார். ஆனாலும் கச்சேரியில் கடைசிப் பாட்டாக அதைத்தான் வழக்கமாகப் பாடுகிறார்.

எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு: கேஷ் பாடியது வாழ்க்கை முடிந்துபோனவரின் பாட்டு, ரெஸ்னர் பாடியது வாழ்க்கை முடிந்துவிட்டதாக 28 வயதில் நினைத்துக்கொண்டவரின் பாட்டு. இரண்டாவதுதான் கேட்க அதிகம் பயமாக இருக்கிறது எனக்கு.

'த ஃப்ரஜைல்' தோல்வியா?

கணக்குப்படி அடி. ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு 1999 செப்டம்பரில் இரட்டை ஆல்பமாக வந்தது. முதல் வாரம் முதலிடம், அடுத்த வாரமே 16. இசைப்படி பார்த்தால் எனக்கு இதுதான் உச்சம். நியூ ஆர்லியன்ஸ் கட்டடத்துக்குள் இரண்டு வருடம் அடைந்து கிடந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நிமிடங்களை இழைத்திருக்கிறார்கள். வளர்த்த பாட்டி இறந்த துக்கம் அதற்குள் இருக்கிறது.

வெளியே கதை மோசமாகப் போனது. மதுவும் போதையும் முற்றி, 2000-இல் லண்டனில் அளவு மீறி உயிர் போய்த் திரும்பியது. 2001-இல் சிகிச்சை எடுத்துப் போதையை விட்டார், பிறகு தொடவில்லை. தெளிந்து கணக்குப் பார்த்தால் பணமும் இல்லை. பல வருடம் மேனேஜராக இருந்த ஜான் மால்ம் மேல் வழக்குப் போட்டார். 2005-இல் ஜூரி ரெஸ்னர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, சுமார் 30 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அதே ஆண்டில் வந்த 'வித் டீத்' ஆல்பம் தெளிந்த மனிதனின் முதல் வேலை. பல பாட்டுகளில் டிரம்ஸ் டேவ் க்ரோல். கட்டுக்கோப்பானது, கொஞ்சம் பத்திரமானது.

குவேக் கேமுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

1996-இல் வந்த முதல் குவேக் (துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் கேம்) ஒலிகளும் பின்னணி இசையும் இவருடையவை. ஆணி சுடும் துப்பாக்கிக்குக் குண்டுப் பெட்டி எடுப்பீர்களே, அதன் மேல் இருப்பது பேண்டின் லோகோ.

'இயர் ஜீரோ' ஆல்பத்தோடு ஏதோ துப்பறியும் விளையாட்டு வந்ததாமே?

2007-இல் ஐரோப்பியப் பயணத்தின்போது விற்ற டி-ஷர்ட்டில் சில எழுத்துகள் மட்டும் தடித்து அச்சாகியிருந்தன. கூட்டிப் படித்தால் ஓர் இணைய முகவரி. திறந்தால், குடிநீரில் அரசாங்கம் மருந்து கலக்கும் ஓர் எதிர்கால அமெரிக்கா. ஒரு தளத்திலிருந்து இன்னொன்று, அங்கிருந்து ஒரு போன் நம்பர் என்று போய்க்கொண்டே இருந்தது. லிஸ்பனில் கச்சேரி நடந்த அரங்கின் கழிப்பறையில் ஒரு யூஎஸ்பி டிரைவ் கிடந்தது, அதில் வெளிவராத ஒரு பாட்டு. வேண்டுமென்றே போட்டுவிட்டுப் போன அந்தப் பாட்டை ரசிகர்கள் இணையத்தில் ஏற்ற, ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கம் அதை நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பிய கூத்தும் நடந்தது.

சிடியே ஒரு துப்பு. பிளேயரில் சூடாகி வெளியே வரும்போது கறுப்பு மேற்பரப்பு வெளுத்து, ஒன்றும் சுழியுமாக எண்கள் தெரியும். இந்த ஆல்பத்துக்கு அறையே கிடையாது, பெரும்பகுதி பயணத்தில் மடிக்கணினியில் எழுதியது. கதை நடக்கும் ஆண்டு 2022. நாம் அதைக் கடந்து வந்துவிட்டோம்.

ரசிகர்களிடம் 'திருடிக்கொள்ளுங்கள்' என்று சொன்னாரா?

சொன்னார், 2007-இல் ஆஸ்திரேலிய மேடையில். அங்கே கடைகளில் 'இயர் ஜீரோ' 35 டாலர், மற்ற பாப் ஆல்பங்கள் 22 டாலர் என்று விற்றுக்கொண்டிருந்தன. ஏன் என்று கம்பெனிக்காரரிடம் கேட்டிருக்கிறார். உங்கள் ரசிகர்கள் எவ்வளவு சொன்னாலும் கொடுப்பார்கள் என்ற தோரணையில் பதில் வந்ததாம். விசுவாசமாக இருப்பதற்கு அபராதமா என்று கொதித்துப்போனார். அதே ஆண்டு அக்டோபரில் இன்டர்ஸ்கோப் ஒப்பந்தம் முடிந்தது.

2008 மார்ச்சில், பெரிய முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், 'கோஸ்ட்ஸ்' வெளியானது. பாடலே இல்லாத 36 இசைத் துண்டுகள், பத்து வாரத்தில் செய்தவை. முதல் ஒன்பது இலவசம், டொரண்ட் தளத்தில் அவரே ஏற்றினார். முழுவதும் வேண்டுமென்றால் 5 டாலர், சிடிக்கு 10, நல்ல அட்டைப்பெட்டியில் 75, கையெழுத்திட்ட சொகுசுப் பதிப்பு 300. அந்த 300 டாலர் பதிப்பில் 2,500 பிரதிகள், சில நாளில் காலி. ஒரே வாரத்தில் வசூல் 16 லட்சம் டாலர். க்ரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்ததால் வணிகமல்லாத எதற்கும் யார் வேண்டுமானாலும் பகிரலாம், வெட்டி ஒட்டலாம். இரண்டு மாதத்தில் 'த ஸ்லிப்' என்று ஒரு முழு ஆல்பத்தை இலவசமாகவே கொடுத்தார். இந்தக் கணக்கு எல்லோருக்கும் உதவாது. இருபது வருடம் கம்பெனி விளம்பரத்தில் சேர்த்த கூட்டம் கையில் இருந்ததால்தான் இவருக்கு நடந்தது. அதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும், 2013-இல் 'ஹெசிடேஷன் மார்க்ஸ்' ஆல்பத்துக்கு கொலம்பியா என்ற பெரிய கம்பெனிக்கே திரும்பினார்.

'கோஸ்ட்ஸ்' கதைக்கு ஒரு வால் உண்டு. நெதர்லாந்தில் யங்கியோ என்ற இளைஞர் அதன் 34-ஆவது துண்டின் பாஞ்சோ ஒலியை எடுத்து ஒரு பீட் செய்து 30 டாலருக்கு விற்றார். வாங்கியவர் ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸ். அதில் பாடிய 'ஓல்டு டவுன் ரோடு' 2019-இல் அமெரிக்காவில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. எழுதியவர்கள் பட்டியலில் ரெஸ்னர், ராஸ் இருவர் பெயரும் உண்டு. இண்டஸ்ட்ரியல்காரருக்கு அமெரிக்காவின் முதன்மைப் பாட்டுப் பட்டியலில் கிடைத்த ஒரே 'நம்பர் ஒன்' ஒரு கௌபாய்ப் பாட்டு.

ஆஸ்கர் எப்படி?

ஹாலிவுட் இயக்குநர் டேவிட் ஃபிஞ்சர் வழியாக. 1995-இல் 'செவன்' படத்தின் டைட்டிலில் 'க்ளோசர்' பாட்டின் வேறு வடிவத்தைப் போட்டவர், 2010-இல் 'த சோஷியல் நெட்வொர்க்' படத்துக்கு ரெஸ்னரையும் ராஸையும் அழைத்தார். ரெஸ்னர் முதலில் மறுத்துவிட்டார். பின்பு மனம் மாறிச் செய்த முதல் முழு நீளப் பின்னணி இசைக்கே 2011-இல் ஆஸ்கர்.

அந்தப் படத்தின் முதன்மை மெட்டைக் கவனியுங்கள். நாலைந்து பியானோ சுரங்கள், கீழே உறுமும் சின்தசைசர். படம் போகப் போக அதே மெட்டு திரும்ப வருகிறது. ஆனால் மைக்கைப் பியானோவிலிருந்து தள்ளித் தள்ளி வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சுரம் மாறுவதில்லை, சுற்றியிருக்கும் அறை மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. நாயகன் எல்லோரையும் இழப்பதை வசனம் சொல்வதற்கு முன்பே காது சொல்லிவிடுகிறது.

அதன் பிறகு 'கான் கேர்ள்', 'வாட்ச்மென்' தொடர், பிக்ஸாரின் 'சோல்' (ஜான் படீஸ்டுடன் சேர்ந்து இரண்டாவது ஆஸ்கர்), 'சேலஞ்சர்ஸ்' என்று நீள்கிறது. இவையெல்லாம் ரெஸ்னர்-ராஸ் பெயரில் வந்தவை. 2025-இன் 'ட்ரான்: ஏரீஸ்' படத்துக்குத்தான் முதல்முறையாக நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்றே பெயர் போட்டார்கள்.

மேடையில் கூட வாசித்தவர்கள் என்ன ஆனார்கள்?

பாதிப் பேர் தனியாகவே பேர் வாங்கினார்கள். ஆரம்பகால கிட்டாரிஸ்ட் ரிச்சர்ட் பேட்ரிக் வெளியேறி ஃபில்டர் பேண்டைத் தொடங்கினார். 'டெர்மினேட்டர் 2' படத்தில் உருகி ஓடும் வில்லனாக வருபவர் இவருடைய அண்ணன். சார்லி க்ளவுசர் 'சா' படங்களுக்கு இசையமைப்பாளர் ஆனார். ராபின் ஃபின்க் நடுவில் கன்ஸ் அண்ட் ரோசஸுக்குப் போய்த் திரும்பி வந்தார். 2020-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது ரெஸ்னரோடு மேடைக் கலைஞர்கள் சிலரையும் சேர்த்தே கௌரவித்தார்கள். வரவேற்புரை பேசியவர் 'க்ளோசர்' பாட்டுக்கு அந்த 'தும்' அடியைக் கடன் கொடுத்த இகி பாப்.

பிள்ளைகள் கேட்கலாமா?

'கோஸ்ட்ஸ்' கேட்கலாம். 'டவுன்வர்ட் ஸ்பைரல்' வேண்டாம். தற்கொலை, வன்முறை, பச்சையான காமம் எல்லாம் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது. மனசு சரியில்லாத நேரத்தில் பெரியவர்களும் தள்ளி வைப்பது நல்லது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

வரிசைப்படி 1989-இலிருந்து தொடங்காதீர்கள், பாதி வழியில் நின்றுவிடுவீர்கள். மெட்டுக்காகப் பாட்டுக் கேட்பவர் என்றால் 'வித் டீத்'. மெட்டாலிகா வகையறா பழக்கம் இருந்தால் 'ப்ரோக்கன்'. படங்களின் பின்னணி இசையில் ஈர்ப்பு இருந்தால் 'த சோஷியல் நெட்வொர்க்', அங்கிருந்து 'கோஸ்ட்ஸ்', பிறகு 'த ஃப்ரஜைல்' இரட்டை ஆல்பத்தில் 'லெஃப்ட்' (இடது) என்ற முதல் வட்டு. அதற்கப்புறம் 'டவுன்வர்ட் ஸ்பைரல்', ஒரே மூச்சில், பாட்டு மாற்றாமல். நேரம் குறைவு என்கிறவர்களுக்கு 2016 முதல் 2018 வரை வந்த மூன்று சிறு வெளியீடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் அரைமணி வாக்கில் முடிந்துவிடும். மூன்றாவதான 'பேட் விட்ச்'சில் ரெஸ்னர் சாக்ஸஃபோன் வாசிக்கிறார். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பாதி இசை கீழ்ச்சத்தத்தில் இருக்கிறது. இருநூறு ரூபாய் இயர்போன்கூட அதற்குத் தேவலை.